பட்டமா, சுயபடிப்பா? கணினித் தொழிலுக்குப் போன வழிகளின் வரலாறு

குண்டலுபேட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் ஒரே பேச்சுதான். இரண்டாம் பி.யூ.சி. முடிவு வந்திருக்கும். "பையனை எஞ்சினியரிங்கில் போடலாமா? பி.சி.ஏ. போதுமா? இல்லே, வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து படிச்சே வேலைக்குப் போயிடலாமா?" என்று கேட்பார்கள். பெண் குழந்தையாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: "மைசூருக்கு அனுப்பி ஹாஸ்டலில் வைக்கணுமா?"

நான் கணினித் துறைக்காரன் இல்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். எனவே எந்த மென்பொருள் மொழியைப் படிக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நமக்கு முன்னால் இதே முச்சந்தியில் நின்றவர்கள் எந்தப் பக்கம் போனார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல முடியும். சங்க மலரில் அதைப் பதிவு செய்வது பயன்படும் என்று நம்புகிறேன்.

நம் ஊரும் நம் நிலையும்

குண்டலுபேட்டை ஒரு சாலைச் சந்திப்பு. மைசூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். இங்கிருந்து ஒரு சாலை பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும், இன்னொன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கேரளத்துக்கும் போகிறது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நம் தாலுகாவும் அதோடு போயிற்று. ஆனாலும் பேச்சு வழக்கில் நாம் இன்னும் மைசூர்ச் சீமைக்காரர்கள்தான். இதே மாவட்டத்தில் உள்ள கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இந்தப் பகுதியில் தமிழ் நேற்று வந்து இறங்கிய மொழி அல்ல.

ஆனால் படிப்பு என்று வரும்போது நம் நிலை கொஞ்சம் சங்கடமானது. தமிழ்நாட்டில் நாம் வெளிமாநிலத்தார். இங்கே நம் பிள்ளைகள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்து, கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு எழுதி வர வேண்டும். சாமராஜநகரில் அரசுப் பொறியியல் கல்லூரி வந்ததே 2007-இல்தான். பெரிய நகரத்தில் "அங்கிளைப் போய்ப் பாரு, வேலை சொல்வார்" என்று அனுப்பிவைக்க நமக்கு ஆள் பலம் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டு சரித்திரத்துக்குள் போவோம்.

பட்டம் என்பது முதலில் ஒரு பரீட்சை

பட்டம் என்றாலே கல்லூரி வாசலில் மூன்று நான்கு வருஷம் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறோம். ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. அது அந்த நாளில் வகுப்பு நடத்தும் இடமாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் கல்லூரிகளில் நடக்கும், பரீட்சை பல்கலைக்கழகம் வைக்கும். மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும்கூடச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. 1916-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்த பிறகே அந்தக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன.

லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தக் கல்லூரியிலும் சேராதவர்கூட அதன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. எங்கே படித்தாய் என்று கேட்காமல், தெரியுமா தெரியாதா என்று மட்டும் கேட்ட ஏற்பாடு அது. கற்பது வேறு, கற்றதற்குச் சான்று பெறுவது வேறு என்ற இந்தப் பிரிவினையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் திறவுகோல்.

கும்பகோணத்துக் கணித மேதையும் கோயமுத்தூர் விஞ்ஞானியும்

சுயபடிப்புக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் முதலில் எடுத்துவிடும் பெயர் சீனிவாச ராமானுஜன். கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்றை வைத்துக்கொண்டு தானாகவே வளர்ந்தவர். கும்பகோணம் கல்லூரியிலும் பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லாமலே உலகப் புகழ் பெற்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு நெல்லூர்க் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் கைப்பணம் கொடுத்து ஆதரவு தந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே நாராயண ஐயர் என்ற கணிதம் தெரிந்த மேலதிகாரி இருந்தார். அவருக்கும் மேலே சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இருந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததே, அதற்கு விதிப்படி முதுகலைப் பட்டம் வேண்டும். அந்த விதியைத் தளர்த்தித்தான் கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜ் போன பிறகு 1916-இல் ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டமும் வாங்கினார். ஆக, பட்டம் இல்லாத மேதைக்குக் கதவு தானாகத் திறக்கவில்லை. செல்வாக்குள்ள நாலைந்து பேர் தோள் கொடுத்துத் தள்ளித் திறந்தார்கள்.

இரண்டாமவர் நமக்குப் பக்கத்துச் சீமைக்காரர், கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு. 1893-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமலே இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுக் கற்றவர், பஸ் தொழிலில் பெரும் பொருள் சேர்த்தவர். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். பொறியியலுக்கு நான்கு வருஷம் எதற்கு, அதைச் சுருக்கினால் போதாதா என்பது அவர் வாதம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். கல்லூரியோ நின்றது, இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழிவந்ததுதான். இப்போது இளைஞர்கள் கேட்கும் கேள்வியை நாயுடு அன்றைக்கே கேட்டுவிட்டார். ஆனால் அவர் சொந்தமாகத் தொழில் நடத்திய முதலாளி. யாரிடமும் போய் வேலை கேட்டு விண்ணப்பம் போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் அல்ல.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போட்ட பாதை

மேதைகளை விட்டுவிட்டு நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்களுக்கு வருவோம். பம்பாய், டில்லி, பெங்களூர் என்று தமிழர்கள் பரவியதில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன் தெருமுனை இன்ஸ்டிடியூட்டில் சேருவான். தினமும் ஒரு மணி நேரம் தட்டுவான். லோயர், ஹையர் என்று அரசு நடத்தும் தேர்வை எழுதுவான். அந்தச் சான்றிதழோடு ரயில் ஏறுவான். இந்த மலரைப் புரட்டும் பெரியவர்களில் எத்தனை பேர் வீட்டுக் கதை இது என்று அவர்களுக்கே தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன? இன்ஸ்டிடியூட் ஓலைக்கொட்டகையாக இருக்கலாம், மாடி வீடாக இருக்கலாம், யாரும் அதைப் பார்க்கவில்லை. தேர்வு அரசாங்கத்தேர்வு. அதனால் அந்தத் தாளுக்கு எந்த ஊரிலும் மதிப்பு இருந்தது.

பொறியியலிலும் இப்படி ஒரு வழி இருந்தது. 1920-இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் கழகம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வைச் சொல்கிறேன். பகலில் வரைபடக்காரராகவும் மேற்பார்வையாளராகவும் வேலை, இரவில் படிப்பு என்று வருஷக்கணக்கில் முயன்று பாஸ் செய்தால் பி.இ.க்குச் சமமாக எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிப் பக்கமே போகாமல் எஞ்சினியர் ஆனவர்கள் இப்படி நிறையப் பேர். 2013 மே 31-க்குப் பிறகு சேர்பவர்களுக்கு அந்தச் சமநிலை இல்லை என்று மத்திய அரசு சொன்னபோது, சுயபடிப்புக்காரர்களின் மிகப் பழைய வாசல் ஒன்று சுருங்கிப் போனது.

ஈரோட்டில் பிறந்த பேராசிரியர்

இனிக் கணினி. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதே வருஷம் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர் வி. ராஜாராமன். 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். நாம் திம்பம் மலை இறங்கிப் போகும் அதே ஈரோடுதான். இந்தியாவில் கணினி அறிவியலை முறையான பாடமாக நடத்தத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1965-இல் எம்.டெக். அளவில் ஒரு பிரிவாகத் தொடங்கியது. கணினி அறிவியலுக்கென்றே பி.டெக். கான்பூரில் வந்தது 1978-இல்.

அதாவது, நாட்டின் முதல் தலைமுறைக் கணினி வல்லுநர்கள் யாரும் கணினியில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். அப்படி ஒரு பட்டமே அப்போது கிடையாது. கணிதம், இயற்பியல், மின்பொறியியல் படித்தவர்கள் குறுகிய காலப் பயிற்சியிலும் புத்தகத்திலும் கற்றுக்கொண்டார்கள். ராஜாராமன் 1969-இல் கொண்டுவந்த நிரலாக்கப் பாடநூல், வெளிநாட்டுப் புத்தகம் வாங்க வசதி இல்லாத மாணவர்களுக்குப் பெரிய வரப்பிரசாதமாக இருந்தது. மைசூர் என்.ஐ.இ. கல்லூரியில் மின்பொறியியல் படித்த நாராயண மூர்த்தி, கான்பூரில் எம்.டெக். படித்தபோது அந்தச் சூழலில் பயின்றவர்தான்.

1980-இல் கணினி மனிதவளம் பற்றி ஆராய்ந்த குழுவுக்கு ராஜாராமன் தலைமை வகித்தார். அதன் பரிந்துரையால் 1982 முதல் எம்.சி.ஏ. என்ற படிப்பு வந்தது. பி.எஸ்ஸி., பி.காம். படித்த சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் கணித அறிவு இருந்தால் கணினித் தொழிலுக்குள் நுழைய அது ஒரு பாலம். பெண்கள் பலர் இந்தப் பாலத்தில் நடந்து வந்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர்

1981-இல் என்.ஐ.ஐ.டி., 1986-இல் ஆப்டெக் என்று தனியார் பயிற்சி நிறுவனங்கள் கிளம்பின. 1991-க்குப் பின் மென்பொருள் ஏற்றுமதி வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணினித் தேதிக் கோளாறைச் சரிசெய்ய ஆள் போதவில்லை. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் வேலை என்ற நிலை வந்தது. பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டுகளே கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளாக மாறின.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. டைப்ரைட்டிங்கில் தேர்வு அரசுடையது. இங்கே சொல்லிக் கொடுப்பவரே தேர்வும் வைத்துச் சான்றிதழும் கொடுத்தார். 2000, 2001-இல் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது அந்தத் தாள்களில் பலவற்றுக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. என் தங்கை மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் மைசூரில் ஒரு தனியார் மையத்தில் முழுப்பணமும் கட்டிச் சேர்ந்தான். பாதிப் படிப்பில் மையத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். "மாமா, பணமும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு" என்று வந்து நின்றான். அவனைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, கூடவே பி.எஸ்ஸி.யை விடாமல் முடித்திருந்தான். இரண்டு, டோயெக் தேர்வு.

இந்த டோயெக் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது. 1990 வாக்கில் மத்திய அரசின் மின்னணுத் துறை கொண்டுவந்த திட்டம். ஓ, ஏ, பி, சி என்று நான்கு நிலைகள். எந்த மையத்திலும் சேராமல் நேரடியாகத் தேர்வு எழுதவும் இடம் இருந்தது. பி நிலையை வேலைக்கு எம்.சி.ஏ.க்குச் சமமாக அரசு ஏற்றது. பழைய டைப்ரைட்டிங் முறைதான், கணினிக்கு வந்தது. இன்றும் நைலிட் என்ற பெயரில் அந்த அமைப்பு இருக்கிறது.

கம்பெனிகள் ஏன் பட்டம் கேட்டன?

"வேலை தெரிஞ்சா போதாதா? எதுக்குப் பட்டம்?" என்று பசங்க கேட்பது நியாயம்தான். இரண்டு காரணங்களைச் சரித்திரம் காட்டுகிறது.

முதலாவது, கூட்டம். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் நிறுவனம் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சோதிக்க முடியாது. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு என்று ஒரு கோடு போட்டால் கூட்டம் பாதியாகும். பட்டம் இங்கே அறிவின் அளவுகோல் அல்ல, ஒரு சல்லடை. அப்படி எடுத்தவர்களுக்கும் மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்காகவே இன்ஃபோசிஸ் மைசூரில் பெரிய பயிற்சி வளாகம் கட்டி 2005-இல் திறந்தது. நமக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த வளாகம், பட்டம் மட்டும் போதாது என்பதற்கும், பட்டம் இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதற்கும் ஒரே நேரத்தில் சாட்சி.

இரண்டாவது, விசா. அமெரிக்கா 1990-இல் வகுத்த எச்-1பி சட்டம் குறிப்பிட்ட துறையில் பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி கேட்டது. பட்டம் இல்லாவிட்டால் 3 வருஷ வேலை அனுபவத்தை 1 வருஷப் படிப்பாகக் கணக்கிடுவது நடைமுறை. நான்கு வருஷப் பட்டத்துக்கு ஈடாக 12 வருஷம் உழைத்திருக்க வேண்டும். நம் மூன்று வருஷப் பட்டத்தையும் அங்கே முழுப் பட்டமாக ஏற்பதில் சிக்கல் வந்தது. ஆளை அமெரிக்கா அனுப்பிச் சம்பாதிக்கும் நிறுவனம் பி.இ.யைத் தேடியதில் வியப்பென்ன? ஜெர்மனி மட்டும் 2000-இல் கொண்டுவந்த பச்சை அட்டைத் திட்டத்தில், பட்டம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 1,00,000 மார்க் சம்பளம் தருவதாக இருந்தால் வரலாம் என்றது. 2023 நவம்பரில் அந்த நாடு, அண்மை அனுபவம் 3 வருஷம் உள்ள கணினிக்காரர்களுக்குப் பட்டம் இல்லாமலும் நீல அட்டை தரலாம் என்று விதியை மாற்றியது. ஆனால் இங்கேயும் முதலில் யாராவது ஒருவர் வேலை கொடுத்து அனுபவம் சேர விட வேண்டும்.

புது வாசல்கள்

இதற்கு மாற்றும் நடந்தது. விப்ரோ 1995-இல் பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து, அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து வேலையோடு முதுநிலைப் பட்டமும் படிக்க வைத்தது. சென்னையில் இன்றைக்கு ஸோஹோ எனப்படும் நிறுவனம் 2005 வாக்கில் ஒரு பள்ளியே தொடங்கியது. பன்னிரண்டாவதோ டிப்ளமாவோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி தந்து வேலையில் வைத்துக்கொண்டது. இதைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்தவர். பட்டத்தின் அருமையும் எல்லையும் இரண்டும் தெரிந்தவர் என்று சொல்லலாம். ஒன்றை மறக்கக்கூடாது: அது தனியாக வீட்டில் உட்கார்ந்து படித்த படிப்பு அல்ல. ஆசிரியர், சக மாணவர், நேர ஒழுங்கு எல்லாம் உண்டு. பட்டம்தான் இல்லை.

இதற்கிடையே ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் என்.பி.டி.இ.எல். என்ற பெயரில் பாடங்களைப் பொதுவில் கொடுக்கத் தொடங்கின. 2014 முதல் அவற்றுக்கு நேரில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம் என்றாயிற்று. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கம், தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. முதல் அணி 2021 ஜனவரியில் தொடங்கியது. ஜே.இ.இ. தேவையில்லை, அவர்கள் வைக்கும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். பாடம் வீட்டில், தேர்வு நேரில். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. 1858-இல் லண்டனில் திறந்த அந்தக் கதவு சுற்றி வளைத்து நம் குண்டலுபேட்டை வீட்டுக்குள் வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2009 முதல் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. பாடம் வருவதற்குத் தடை இல்லை.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தபால்வழி, இணையவழி எல்லாமே ஒன்றல்ல. மைசூரில் உள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2013-14 முதல் அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் அறிவித்தது. 2018-இல்தான் மறுபடி கிடைத்தது. நடுவில் படித்த மாணவர்கள் பட்ட பாடு இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. சேருவதற்கு முன் அந்த வருஷத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

சரித்திரம் சொல்லும் தீர்ப்பு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. சுயபடிப்புக்காரர்கள் பட்டத்தைப் பார்த்து இதைச் சொல்வார்கள். ஆனால் சந்தையில் கடைக்காரர் எடைச் சீட்டு இல்லாமல் காயை வாங்க மாட்டார் என்றால் என்ன செய்வது? நான் பார்த்தவரை, பட்டம் இல்லாமல் மேலே வந்தவர்களுக்குப் பின்னால் அநேகமாக ஒரு ராமச்சந்திர ராவ் இருந்திருக்கிறார். நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஆள் இல்லை. ராமச்சந்திர ராவ் இல்லாத பிள்ளைக்குப் பட்டம்தான் ராமச்சந்திர ராவ். ஆகவே பட்டத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக நிலத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சீட்டு வாங்குவதும் வேண்டாம். அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால் எஞ்சினியரிங். இல்லையென்றால் பக்கத்தில் கிடைக்கும் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி.யோ பி.சி.ஏ.வோ குறைந்த செலவில். கையில் மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல கணினி, இணைய இணைப்பு. கூடவே தினம் இரண்டு மணி நேரம் சுயபடிப்பு. அதற்குப் பொதுத்தேர்வுச் சான்று. செய்து காட்ட இரண்டு மூன்று சொந்த வேலைகள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு தொடக்க நிலை நிரல் வேலைகளை இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. 2025-இல் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அந்தக் காலத்தில் டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது கணக்கும் ஆங்கிலமும் தெரிந்த டைப்பிஸ்ட் தப்பித்தார். விரல் வேகம் மட்டும் இருந்தவர் தவித்தார். அதையேதான் இப்போதும் காண்போம். அடிப்படைக் கணிதமும் தெளிவாக எழுதிப் பேசும் திறனும் எந்தக் காலத்திலும் கைவிடாது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்க அறையில் மாலை நேரத்தில் நான்கு கணினி வைத்தால், வீட்டில் இடம் இல்லாத பிள்ளைகள், குறிப்பாக வெளியூர் போக முடியாத பெண் பிள்ளைகள், வந்து படிப்பார்கள். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு சிறு நிதி வைக்கலாம். பெங்களூரிலும் மைசூரிலும் கணினி வேலையில் இருக்கும் நம்மவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு மணி நேரம் பேசினால் போதும். தமிழ் பேசும் இரண்டு பேர், "தம்பி, உன் வேலையைக் காட்டு, நான் பார்க்கிறேன்" என்று சொன்னாலே அந்தப் பிள்ளைக்குத் தெம்பு வரும். ராமானுஜனுக்குக் கிடைத்த அந்தத் துணையை நம் பிள்ளைகளுக்குச் சங்கமாகச் சேர்ந்து கொடுக்க நம்மால் முடியும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.